எடையைத் தாங்குவது எது?

பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் டர்பைன் தொழிற்சாலை 1909-ல் எழுந்தது. வடிவமைத்தவர் பீட்டர் பெஹ்ரன்ஸ். உடன் நின்ற பொறியாளர் கார்ல் பெர்ன்ஹார்ட். முகப்பு மூலைகளில் கோட்டைபோலக் கனத்து நிற்கும் கான்கிரீட் கூரையைத் தாங்கவில்லை; அது வெறும் போர்வைதான். தாங்குபவை உள்ளே வரிசையாக நிற்கும் எஃகுச் சட்டங்கள். தெருப்பக்கத்தில் ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு கீல் உண்டு. வெயிலில் எஃகு நீண்டாலும், அஸ்திவாரம் சற்று இறங்கினாலும், சட்டம் இசைந்து கொடுக்கும். ரயில் பாலத்தில் கர்டருக்கு அடியில் நாங்கள் கிரீஸ் போட்டுக் காத்த பேரிங்குகளின் தத்துவமும் இதுவே. பெஹ்ரன்ஸ் அந்தக் கீல்களை மறைக்காமல், தெருவில் போவோர் காணும்படி விட்டார்.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளே! கனமாகத் தெரிவதை நம்பி, சிறியதைத் துருப்பிடிக்க விட்டால் உயிர்ச்சேதம் நேரும். எந்தக் கட்டடத்திலும் எடை எவ்வழியே மண்ணுக்கு இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். அழகைப் பிறகு ரசிக்கலாம்.