துனுச்சிப் புகையும் எட்டு மெகாபிட்டும்

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பூஜைக்கு வந்தபோது நீ எடுத்த வீடியோவை யூடியூபில் பார்த்தோம். உன் அத்தை மூன்று தடவை பார்த்துவிட்டாள். துர்க்கையின் மூக்கு வளையம் வரைக்கும் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் நவமி ராத்திரி தூபச்சட்டி ஏந்திய துனுச்சி ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோய்விட்டது. புகை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பாயை விரித்த மாதிரி இருக்கிறது. போன் கேமரா சரியில்லை, புதுசு வாங்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் காசு கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

விநாடிக்கு 30 படம் எடுத்தாய். 1080 அளவில் அந்த முப்பதையும் சுருக்காமல் எழுதினால் விநாடிக்கு 90 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். அதனால் வீடியோவைச் சுருக்கும் எச்.264 போன்ற கோடெக்குகள் ஒரு படத்தை முழுதாக எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு போகும். களிமண் சிலை அசைவதில்லை; அதற்குச் செலவே கிடையாது. தேங்காய் நாரும் குங்கிலியமும் எரியும் துனுச்சிப் புகை அப்படியா? ஒவ்வொரு படத்திலும் அதற்கு வேறு உருவம். முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கொடுத்த பிட் போதாமல், கோடெக் நுணுக்கத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. மழையும் ஹூக்ளித் தண்ணீரும்கூட இப்படித்தான் பிட்டைத் தின்னும்.

நீ எக்ஸ்போர்ட் செய்தது விநாடிக்கு 3 மெகாபிட்டில். அதை யூடியூப் வாங்கித் தன் பங்குக்கு இன்னொரு தரம் சுருக்கியது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். 1080 அளவு, 30 படம் என்றால் 8 மெகாபிட், 60 படம் என்றால் 12, 4கே அளவில் 30 படத்துக்கு 35 முதல் 45 வரை என்று யூடியூப் சொல்கிறது. இதைக் குறைந்தபட்சக் கூலி என்று வைத்துக்கொள். நானாக இருந்தால் 8-க்கு 16 கொடுப்பேன். நிமிஷத்துக்கு 120 மெகாபைட். உன் ஐந்து நிமிஷ வீடியோ 600. ஒரு ராத்திரி நெட்டைத் திறந்து வைத்தால் ஏறிவிடும்.

அதைவிட நல்ல வழி, ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பிட்ரேட்டைத் தொடாமல் 'ஆர்.எஃப்' எண்ணை 18 என்று வைப்பது. எண் குறையக் குறையத் தரம் கூடும். சிலை நிற்கிற இடத்தில் மிச்சம் பிடித்து, புகை வந்ததும் தாராளமாகச் செலவழிக்கும். நல்ல குடும்பஸ்தன் மாதிரி. சுருக்கும் வேகத்தை 'ஸ்லோ'வில் வை. 30 படத்தை 60 ஆக்குகிற வேலையெல்லாம் வேண்டாம். ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோபிட் போதும். டாக் மேள முழக்கத்தில் மைக்கே கதறியிருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

தசமியன்று சிந்தூர் கேலா. வெள்ளைப் புடவையில் அப்பிய குங்குமம் ஓரங்களில் கசிந்திருக்கிறது, பார்த்தாயா? வெளிச்சம் இருட்டு விவரத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும் வீடியோ, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் வைத்துக்கொள்கிறது. நம் கண் நிறத்தில் அவ்வளவு கூர்மையில்லை என்ற கணக்கு. பெரும்பாலும் செல்லும், சிவப்பில் மாட்டிக்கொள்ளும். அடுத்த வருஷம் 4கேயில் எடு, 4கேயிலேயே ஏற்று. நிறத்துக்கும் நான்கு மடங்கு புள்ளி கிடைக்கும்.

பந்தல் விளக்குகளில் பட்டை பட்டையாக ஓடியதற்குக் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடியில் பூட்டிவிடு. மினுக்கமும் மாற்றம்தானே, அதற்கும் பிட் போகிறது.

முழு வீடியோவையும் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதே. புகை அதிகமாக இருக்கும் இருபது விநாடியை மட்டும் வெட்டி, மூன்று விதமாக எக்ஸ்போர்ட் செய்து, யாருக்கும் தெரியாமல் 'பிரைவேட்' என்று போட்டுப் பார். அது தேறினால் மற்றதெல்லாம் தானாகத் தேறும். ஏறிய உடனே மங்கலாகத்தான் இருக்கும்; பெரிய அளவுகள் தயாராக நேரம் எடுக்கும். நானும் ஒருமுறை பதறிப்போய் அழித்துவிட்டு மறுபடி ஏற்றியவன்தான்.

பாபுகாட்டில் விசர்ஜனம் எடுத்தாயே, அதன் ஒரிஜினல் போனில் இருக்கிறதா? மெசேஜில் எனக்கு அனுப்பியது ஏற்கெனவே நசுங்கி வந்தது, அதை வைத்து எடிட் செய்யாதே. எதிர்வீட்டு அண்ணி கன்னத்தில் குங்குமம் பூசியபோது அத்தை சிரித்தது அதற்கு முந்தின ஃபைலில் இருக்கிறதாம். இரண்டையும் பென்டிரைவில் போட்டு, தீபாவளிக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

உன்
மாமா