குளியலறைப் பிடிகம்பிகளுக்குச் சுவரை ஆயத்தம் செய்தல்

ஈரத் தரையில் கால் வழுக்கும்போது முதியவரின் கை, அருகிலுள்ள பிடிப்பொன்றை நாடுகிறது. அப்போது உடலின் எடை பெரும்பாலும் ஒரே நொடியில் பிடிகம்பியின் மீது விழுகிறது. ஆதலின் கம்பி மட்டுமன்றி, அதனைத் தாங்கும் சுவரும் வலுவுடையதாயிருத்தல் வேண்டும். குளியலறையைப் புதுப்பிப்பதற்காகப் பழைய டைல்களைப் பெயர்க்கும் காலமே இதற்கு ஏற்ற காலமாகும். பின்னர்ச் செய்வதாயின் புதிய டைல்களை உடைக்க நேரிடும்.

தேவையான வலு எவ்வளவு? அமெரிக்க நாட்டின் 2010ஆம் ஆண்டு அணுகல் விதிகளின்படி, பிடிகம்பியும் அதன் பொருத்துகளும் 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைத் தாங்க வேண்டும். கிடைக்கம்பியின் மேற்புறம் தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும்.

டைலும் பூச்சும் சேர்ந்து சில செ.மீ. கனமே உடையவை. அவற்றில் மட்டும் பதிந்த திருகு, இழுப்பு நேர்ந்தால் பெயர்ந்துவிடும். எனவே சுவரின் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

1. 23 செ.மீ. கனமுள்ள கெட்டியான செங்கற்சுவர்: விரிவு போல்ட்டுகள் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் ஆழமாகச் செல்ல வேண்டும், செங்கல்லின் விளிம்பிலும் காரைச் சந்திலும் துளையிடலாகாது.

2. 11.5 செ.மீ. கனமுள்ள அரைச் செங்கல் தடுப்புச் சுவர்: கம்பியின் முனைகள் அமையும் இடங்களில் சில செங்கற்களை நீக்கி, சுவரின் முழுக் கனத்திற்கும் 1:2:4 விகிதக் காங்கிரீட்டை நிரப்புதல் நலம். மேற்சுமை தாங்கும் சுவராயின் பொறியாளரின் ஒப்புதலின்றிச் செங்கல்லை நீக்கலாகாது.

3. உள்ளீடற்ற கல் சுவர்: அவ்விடத்துக் குழிகளைக் காங்கிரீட்டால் நிரப்ப வேண்டும்.

காங்கிரீட்டை ஒரு வாரமேனும் நீரூற்றி ஈரமாக வைத்திருத்தல் அவசியம். சுவரை மூடுமுன், தண்ணீர்க் குழாய்களும் மின் குழாய்களும் செல்லும் தடத்தையும், காங்கிரீட் நிரப்பிய இடங்களையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து, படமெடுத்து வைத்தல் வேண்டும். டைல் பதித்தபின் இவை கண்ணுக்குப் புலப்படா.

டைலைத் துளைக்கும்போது துளைப்பொறியின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிடுக. இல்லையேல் டைல் விரிசலுறும். துளையினுள் நீர் புகாவண்ணம் சிலிக்கோன் பசையிட்டு அடைத்தல் வேண்டும். உறிஞ்சு கிண்ணத்தால் ஒட்டும் கம்பிகளை உடல் எடை தாங்க நம்பலாகாது.

பயிற்சி: உங்கள் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் கழிப்பறைச் சுவர் எவ்வகையைச் சார்ந்தது? அதில் பிடிகம்பி பொருத்துமுன் செய்ய வேண்டுவன யாவை?