ஊசி முனை எங்கே? ஒலி காட்டும் வழி

ஸ்கேன் என்றாலே வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறோம், இல்லையா? நான் தாதியாக வேலை செய்யும் வார்டில் அது ஊசிக்கும் வழி காட்டுகிறது.

எதற்காக?

நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் உள்ள பெரிய சிரையில் குழாய் போட வேண்டிவரும். அதை ஒட்டியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. சற்றுக் கீழே நுரையீரலின் உச்சி. முன்பெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் குத்துவார்கள். எல்லார் உடம்பும் புத்தகப் படம் மாதிரி இருக்காதே! இடம் தவறினால் உயிருக்கே ஆபத்து. 2002-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதற்கு அல்ட்ராசவுண்டைப் பரிந்துரைத்தது.

எப்படி?

20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நம் காதில் விழாது. அந்த ஒலியைக் கருவி உடம்புக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 2 செ.மீ. ஆழம் என்றால் போய்வர 4 செ.மீ. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் 26 கூறுதான் ஆகும்! இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால்தான் ஜெல் தடவுகிறோம்.

சிரையா, தமனியா?

திரையில் இரண்டுமே கறுப்பு வட்டம்தான். கருவியை லேசாக அழுத்திப் பாருங்க: சிரை நசுங்கிவிடும், தமனி துடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் கவனம்!

குறுக்குவாட்டில் பார்த்தால் ஊசி ஒரு வெள்ளைப் புள்ளி. அது முனை என்று நம்பிவிடக் கூடாது. ஊசியின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். முனை சிரையைத் தாண்டிப் போயிருக்கலாம். அதனால் டாக்டர் கருவியை மெல்ல முன்னே நகர்த்துவார். புள்ளி மறைகிற இடத்தில்தான் முனை முடிகிறது. நீளவாட்டில் முழு ஊசியும் தெரியும். ஆனால் கருவி கொஞ்சம் விலகினாலும் ஊசி காணாமல் போய்விடும். மெஷின் மட்டும் போதாது, பழகிய கையும் வேணும்.

உங்கள் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ சிரை கிடைக்காமல் பல தடவை குத்த நேர்ந்தால், "ஸ்கேன் வைத்துப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

யோசியுங்கள்

1. ஜெல் இல்லாவிட்டால் படம் ஏன் தெரியாது?
2. 3 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?
3. வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பினால் என்ன ஆபத்து?