கண்ணகி பேசிய சொல்

கணவன் மனைவியரிடையே தோன்றும் காதல், ஆண்டுகள் பல சென்றபின்னும் நிலைபெறுவது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் சிலப்பதிகாரத்தின் இரண்டாம் காதையையும் பதினாறாம் காதையையும் அடுத்தடுத்து வைத்துப் பயிலுதல் நலம்.

மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பொன் என்றும் முத்து என்றும் கரும்பு என்றும் தேன் என்றும் பாராட்டுகின்றான். யாவும் பொறிகளால் நுகரப்படும் பொருள்கள். கண்ணகி மறுமொழி ஏதும் கூறினாள் இல்லை. பின்னர் அவன் மாதவிபால் சென்றான். தான் கண்ட தீக்கனவைக் கண்ணகி தோழி தேவந்திக்கு உரைத்தாள்; கணவனிடம் மனம் திறந்து உரைக்கும் உறவு அவ்வில்லத்தில் அந்நாள்வரை அமையவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது. அவன் வறியனாய் மீண்டபொழுதும் முறுவலுடன் சிலம்பை ஈந்தாளேயன்றிக் கடிந்தாள் இல்லை.

மதுரை நோக்கிய நெடுவழியே இருவரையும் மாற்றியது. நடந்து தளர்ந்தவள் மதுரை எங்குள்ளது என வினவ, முப்பது காதத் தொலைவை அவன் அண்மையது என்று கூறி நகைக்கின்றான். அது வழித்துணைவர் இருவரின் பேச்சு.

மாதரியின் மனையில் நிகழ்ந்தது நம் இல்லத்தார் நன்கு அறியத்தக்கது. கோவலன் சாவக நோன்பி ஆதலின் பகற்பொழுதில் உண்ணுதற்குரிய உணவுப்பொருள்கள் தரப்படுகின்றன. (இரவுண்ணாமை அந்நாளில் ஆயர் மனையிலும் மதிக்கப்பட்டமை எண்ணி மகிழத்தக்கது.) கண்ணகி சமைத்து, வாழைக் குருத்திலையில் படைக்கின்றாள். உண்டபின் கோவலன், பெற்றோர் ஏவலைப் பிழைத்ததையும் அவளுக்குச் சிறுமை செய்ததையும் தானே எடுத்துரைத்து, ‘எழுக’ என்றவுடன் உடன் எழுந்து வந்தனையே என்று வருந்துகின்றான்.

அப்பொழுதுதான் கண்ணகி பேசுகின்றாள். அறவோர்க்கு அளிக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் இயலாது தான் தனித்திருந்ததையும், பொய்ம்முறுவல் கண்டு மாமன் மாமியர் வருந்தியதையும் சொல்லி, அவன் ஒழுக்கம் சான்றோர் போற்றாதது என்று முகத்திற்கு நேரே கூறுகின்றாள். கண்ணகியின் பொறுமையைப் புகழும் நாம் இச்சொல்லை ஏனோ மறந்துவிடுகின்றோம். பிழை கண்டவிடத்து இடித்துரைத்தல் நட்பின் கடன் என்பது வள்ளுவர் கொள்கை. அக்கடனை அவள் அன்று ஆற்றினாள். புகாரிலேயே ஆற்றியிருந்தால் என்னும் ஏக்கம் எமக்கு உண்டு. ஆயினும் கேட்கும் செவி அன்று அவனிடம் இருந்ததா என்பதும் ஐயமே. பழியை அவள்மேல் ஏற்றுதல் முறையன்று.

கடியப்பட்டவன் சினந்தானா? இல்லை. சுற்றத்தையும் ஏவலரையும் தோழியரையும் துறந்து, தன்னுடன் வந்து தன் துயர் களைந்தவள் என்று போற்றி, மீண்டும் பொன்னே என அழைக்கின்றான். இரண்டாம் காதையில் மேனியைச் சுட்டிய அதே சொல், இங்கு அவள் செய்த துணையைச் சுட்டுகின்றது.

பின்னர் அவளைத் தழுவி, பெருகிய கண்ணீரை மறைத்து, ஒற்றைச் சிலம்புடன் அவன் மதுரை வீதி நோக்கி நடந்தான்.