இடைவெளி விட்டவருக்கு 'இளம் விஞ்ஞானி' விருது கிடைக்குமா?

கேள்வி: என் மகள் வேதியியலில் பிஎச்.டி. முடித்தவள். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் அவள் துறை. குழந்தைகளுக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் மறுபடி ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறாள். வயது 38. 'இளம் விஞ்ஞானி விருதெல்லாம் இனி எனக்கு எங்கே?' என்கிறாள். வயது வரம்பு அவ்வளவு கறாரா?

பதில்: கேரல் ராபின்சன் என்ற பெயர் உங்கள் மகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவர் வாழ்க்கையின் ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, இங்கிலாந்தில் ஃபைசர் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து, பிறகு கேம்பிரிட்ஜில் 1982-இல் பிஎச்.டி. அதன்பின் மூன்று குழந்தைகளை வளர்க்க எட்டு வருடம் ஆய்வை விட்டு விலகியிருந்தார். திரும்பி வந்தவருக்கு 2003-இல் கிடைத்தது பீமான் பதக்கம். ஆய்வு வாழ்வின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கென அமெரிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சங்கம் தரும் பதக்கம் அது. பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் இடையே 21 ஆண்டுகள்!

எதற்காகத் தந்தார்கள் என்பதுதான் முக்கியம். உடலுக்குள் புரதங்கள் பல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. தண்ணீரிலேயே இருந்து பழகிய அந்தக் கூட்டணியைக் கருவியின் வெற்றிடத்துக்குள் செலுத்தினால் சிதறிப்போகும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். மெதுவாக, பதமாகச் செலுத்தினால் சிதறாமல் முழுசாகவே எடை பார்க்கலாம் என்று காட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் ராபின்சன்.

பதக்கத்துக்குப் பெயர் தந்த கிளாஸ் பீமான், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் பிறந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தவர். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களில் மண்ணைச் சூடாக்கி, கரிமப் பொருள் இருக்கிறதா என்று பார்த்த குழுவுக்குத் தலைவர். 'உயிர் இருக்கிறது' என்ற சேதிக்காக உலகமே காத்திருந்த நேரத்தில், கருவி காட்டாததைச் சொல்ல மாட்டேன் என்று நின்ற மனிதர். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து போட்ட நிதியில்தான் இந்தப் பதக்கம் நடக்கிறது.

இனி வரம்புக்கு வருவோம். 'இளம்' என்பதை ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். பீமான் பதக்கத்துக்குப் பிறந்த தேதி முக்கியமில்லை; பட்டம் வாங்கியதிலிருந்துதான் கணக்கு. அதே சங்கம் தரும் ஆய்வு நிதி விருதுகளுக்கோ பேராசிரியர் பணியில் சேர்ந்த நாள்தான் தொடக்கம். அதுவும் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு மட்டும். கருவி வடிவமைப்புக்கான சர்வதேச விருதான கர்ட் புரூனே விருதுக்கு 45 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் மூன்றிலும் வயதை வைத்து அளப்பதுதான் மோசம். குழந்தைக்காகப் போன ஆறு வருடத்தைப் பிறந்த தேதியிலிருந்து யார் கழித்துத் தருவார்கள்?

பட்டக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர் கொய்ச்சி தனக்கா பிஎச்.டி.யே செய்யாதவர். இருபதுகளில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அவர் செய்த வேலைக்கு 2002-இல் நோபல் வந்தது. அதே ஆண்டு அதே துறைக்காகப் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஃபென்னுக்கு வயது 85. அந்த ஆய்வை அவர் செய்தபோதே அறுபதைத் தாண்டிவிட்டார்!

உங்கள் மகள் செய்ய வேண்டியது இதுதான்: பீமான் பதக்கத்துக்குத் தானே விண்ணப்பிப்பது வழக்கமில்லை, இன்னொருவர்தான் பரிந்துரைக்க வேண்டும். தன் ஆய்வை அறிந்த மூத்தவர் ஒருவரிடம் இப்போதே பேசி வைக்கட்டும். இடைவெளியைக் கழிக்க இடமுண்டா என்று அந்தந்த ஆண்டின் விதியைப் படிக்கட்டும். ஐம்பது கட்டுரைப் பட்டியலைவிட, 'இவர் வருமுன் இதை அளக்க முடியாது, இப்போது முடிகிறது' என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு வேலைதான் எடுபடும். அந்த ஆறு வருடத்தையும் பரிந்துரைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். மறைத்தால், வேலையில் இருந்தும் ஒன்றும் செய்யாத ஆறு வருடமாகத்தான் நடுவர்கள் அதைப் படிப்பார்கள்.