நாளானால் கிருமிக்கு வீரியம் குறையுமா?

கரோனா பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் ஒருவர் சொல்லி முடிப்பார்: "எந்தக் கிருமியும் பரவப் பரவ நீர்த்துப்போயிடும்." ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிப்பவரும் சொல்வார், சேலத்திலிருந்து வார இறுதிக்கு மலையேறி வருபவரும் சொல்வார். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையைவிடத் தோதான இடம் அரிது. ஒரு கொள்ளைநோய்க் கிருமி நூறாண்டுக்கு மேல் பரவிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள காப்பிச் செடிகள் பட்டு அனுபவித்திருக்கின்றன.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் காப்பி இந்த மலைக்கு வந்தது. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை, காப்பித் தீவு தேயிலைத் தீவாகிவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் துரு வந்து சேர்ந்தது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி. விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடி முழுக்கப் பூஞ்சையின் வித்துகள். துரு முற்றினால் இலை கொட்டும், அடுத்த ஆண்டு காய் பிடிக்க வேண்டிய கிளை காய்ந்துபோகும். மைசூர்ப் பகுதித் தோட்டம் ஒன்றில் துரு அண்டாமல் நின்ற செடியிலிருந்து 1911 வாக்கில் கென்ட் ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சில காலம் தாக்குப்பிடித்தது, பிறகு அதிலும் ஆரஞ்சுப் பொடி. பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மெய்ன் என்ற விஞ்ஞானி 1930களில் காரணத்தைக் கண்டு சொன்னார்: துரு ஒரே இனம் அல்ல, கென்ட் செடியில் நுழையத் தெரிந்த இன்னோர் இனம் பெருகியிருக்கிறது. அடுத்து 1940களில் எஸ்.795 ரகம் வந்தது, 1980களில் காவேரி வந்தது. இரண்டிலும் துரு நாளடைவில் வழி கண்டுகொண்டது. மழைக்கு முன்னால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையைத் தெளிக்கும் வேலை தோட்டக்காரருக்கு இன்னும் ஓயவில்லை. நூற்றைம்பது ஆண்டாகியும் துரு சாதுவாகவில்லை.

துரு பூஞ்சை, கரோனா வைரஸ். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். உடலமைப்பில் ஒற்றுமை கிடையாதுதான். ஆனால் இரண்டும் மாறும் விதத்தில் விதி ஒன்றே. கரோனாவின் மரபணுத் தொகுதி சுமார் 30,000 எழுத்துகள் கொண்டது. நம் செல்லுக்குள் அதைப் படியெடுக்கும்போது பிழை விழுகிறது. கரோனாவிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று இருப்பதால் ஃப்ளூவைவிட மெதுவாகவே மாறுகிறது; பரவும் ஒரு கிளையில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் நிலைக்கும். பெரும்பாலானவை பயனற்றவை, பல அந்த வைரஸுக்கே கேடு. எப்போதாவது ஒன்று அதிகம் பேருக்குத் தொற்ற உதவிவிட்டால், அந்தப் பிழையுள்ள வாரிசுகளே ஊரை நிறைக்கின்றன. இதில் வைரஸுக்குத் திட்டமும் இல்லை, கருணையும் இல்லை. எத்தனை பேருக்குத் தொற்றுகிறதோ அத்தனை முறை சீட்டு குலுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

"ஆளைக் கொன்றால் வைரஸுக்கே நஷ்டமாச்சே, அதனால் தன்னால் சாந்தமாகத்தானே வேண்டும்?" என்பது இன்னும் கனமான கேள்வி. நூறாண்டுக்கு முந்தைய மருத்துவ உலகமே ஏறக்குறைய இப்படி நம்பியது. ஓரளவுக்குச் சான்றும் உண்டு. 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க விடப்பட்ட மிக்சோமா வைரஸ், ஆரம்பத்தில் தொற்றிய முயல்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொன்றது. சில ஆண்டுகளில் அதைவிடக் கொடுமை குறைந்த வகைகள் மேலோங்கின. ஆனால் அந்தக் 'குறைந்த' வகைகளும் பாதிக்கு மேற்பட்ட முயல்களைக் கொல்லக்கூடியவையே. முயல்களின் எதிர்ப்பு வளர வளர வைரஸின் கொடுமையும் மறுபடி ஏறியது. கரோனாவில் கணக்கே வேறு. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பும் பின்பும்தான் அது அதிகம் பரவுகிறது. இறப்பு நேர்வதோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்து. நோயாளி பிழைத்தாரா இல்லையா என்பது, ஏற்கெனவே அடுத்த வீட்டுக்குப் போய்விட்ட வைரஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. 1918 ஃப்ளூவில் முதல் அலை லேசாக வந்து போனது. இலையுதிர் காலத்து அலை இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கரோனாவின் டெல்டா வகையும் முந்தைய வகைகளைவிட வேகமாகப் பரவியது, கடுமையாகவும் தாக்கியது. தமிழ்நாட்டில் 2020 ஜூலை உச்சத்தில் ஒரு நாள் தொற்று சுமார் 7,000; 2021 மே 21 அன்று 36,184.

அப்படியானால் டெல்டாவுக்குப் பின் வந்த ஒமிக்ரான் வகையை என்ன சொல்வது? 2022 ஜனவரி மூன்றாம் வாரத்தில் தமிழகத்தில் ஒரு நாள் தொற்று 30,000ஐத் தாண்டியது. ஆனால் அன்றாட இறப்பு, முந்தைய மே மாதத்தில் 400ஐத் தாண்டிய நாட்களுடன் ஒப்பிட்டால் சிறு பங்குதான். கிருமி சாந்தமாகிவிட்டது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஒமிக்ரான் நுரையீரலின் உட்பகுதியில் டெல்டா அளவுக்குப் பெருகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒமிக்ரான் டெல்டா வயதாகிப் பெற்ற பிள்ளை அல்ல. பழைய கிளை ஒன்றிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தது, ஆகவே 'டெல்டா நீர்த்து ஒமிக்ரானானது' என்ற வரிசையே பொய். அதற்கும் மேல், இடைப்பட்ட காலத்தில் மாறியிருந்தவர்கள் நாம். 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வில் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. பிறகு தடுப்பூசியும் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. முதியவர்களில் பலர் ஊசி போடாதிருந்த ஹாங்காங்கில் அதே ஒமிக்ரான் என்ன செய்தது? இரண்டு ஆண்டில் இருநூற்றுச் சொச்சம் இறப்போடு தப்பியிருந்த ஊரில், 2022இன் முதல் சில மாதங்களில் 9,000 பேர் இறந்தார்கள்.

சரி, தடுப்பூசிதான் புதுப்புது வகைகளை உண்டாக்கியது என்பவர்களுக்குக் காலண்டரே பதில். டெல்டாவை உள்ளடக்கிய கிளை 2020 அக்டோபரிலேயே மகாராஷ்டிர மாதிரிகளில் தென்பட்டது; இந்தியாவில் முதல் ஊசி 2021 ஜனவரி 16 அன்று. இருந்தாலும் அவர்கள் பேச்சில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, காப்பித் தோட்டமே அதற்குச் சாட்சி. எதிர்ப்புள்ள ரகம் பரவிய பிறகுதான் அதை மீறும் துரு இனம் தலையெடுத்தது. நம் எதிர்ப்பாற்றலைத் தாண்டத் தெரிந்த வைரஸும் அப்படியே முன்னுக்கு வருகிறது, அந்த எதிர்ப்பாற்றல் ஊசியால் வந்ததோ தொற்றால் வந்ததோ. வேறுபாடு வேறிடத்தில். கென்ட் போன்ற ரகத்தின் எதிர்ப்பு ஓரிரு மரபணுக்களை நம்பி நின்றது. அது உடைந்தால் செடி நிராயுதபாணி. மனித உடலோ வைரஸின் மேற்பரப்பில் நீட்டி நிற்கும் கூர்ப்புரதத்தின் பல இடங்களை எதிர்ப்பொருள்களால் பற்றுகிறது, டி-செல்களை வேறு தனியாகப் பழக்கி வைக்கிறது. அதனால்தான் புதிய வகை நமக்குத் தொற்ற முடிந்தாலும், பலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியவில்லை.

மலைக்காற்றுக்கு நோய் ஏறாது என்ற நம்பிக்கைக்கு அதிக நேரம் தர வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் மனிதர் மூச்சோடு சேர்ந்தே வைரஸ் கடந்துவிடும். 2021 ஜூனில் ஏற்காட்டுக்கு வர இ-பாஸ் கேட்டதன் தர்க்கம் அதுதான். குறைக்க முடிந்தது வருகையை. வைரஸின் குணத்தை அல்ல. அது இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஜேஎன்.1, முந்தைய ஒமிக்ரான் வகைகளிலிருந்து கூர்ப்புரதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களோடு பாய்ந்த கிளையின் வாரிசு. அந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலானோருக்கு அது சளி, காய்ச்சலோடு போனது. பாதுகாப்பு தேய்ந்துபோன முதியவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் மட்டும் தேடித் தாக்கியது. சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் 2021 செப்டம்பரில் திறந்த மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் போன்றவற்றுக்கு மாதிரி போய்க்கொண்டிருந்தால்தான் அடுத்த பாய்ச்சல் வரும்போது கண்ணில் படும்.