சடக்கு யாருடையது? பீடோங் வட்டாரச் சாலைத் தகவலை அதிகாரிக்கும் மக்களுக்கும் விளங்கச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பும் பள்ளி வேன் முதலில் மண் சடக்கில் குலுங்குகிறது. பிறகு ஒரு குறுகிய தார்ச் சாலையில் ஏறி, கடைசியில் பீடோங் பட்டணத்தின் நடுவே போகும் பெரிய சடக்கைப் பிடிக்கிறது. வேனுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரே பயணம். அரசாங்கக் கோப்பில் அது மூன்று உரிமையாளர், மூன்று பட்ஜெட், மூன்று அலுவலகம். நம் வட்டாரத்தில் எழுதப்படும் புகார்க் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே வழி தவறிவிடுகின்றன.

தோட்டத் தலைவர், ஆலய நிர்வாகத்தினர், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் என்று பொறியியல் படிக்காதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சாலை, பாலம், வடிகால் பற்றிய தகவலைத் திரட்டி, முடிவெடுப்பவர் முன்னும் அக்கம்பக்கத்தார் முன்னும் எப்படி வைப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

பீடோங் வழியாக சுங்கை பட்டாணிக்கும் குரூணுக்கும் போகும் சாலை கூட்டரசு நெடுஞ்சாலை 1. அது மத்திய அரசின் சொத்து. பராமரிப்பைக் கவனிப்பது ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை. நம் கெடா மாநிலத்தில் மாநிலச் சாலையின் எண் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும். கெடா வண்டிகளின் எண் தகட்டில் பார்க்கும் அதே எழுத்துதான். பட்டணத்துக் குடியிருப்புச் சாலைகள் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. ‘இ’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது பெரும்பாலும் டோல் நெடுஞ்சாலை. ரயில் பாதையில் நிலமும் தண்டவாளமும் ரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கும், வண்டி ஓட்டுவது கேடிஎம்பி.

மிச்சம் இருப்பது தோட்டச் சடக்கு. அது பெரும்பாலும் கம்பெனியின் நிலத்தில் கம்பெனி போட்ட பாதை. அங்கே விழும் குழிக்கு ஜேகேஆருக்கு எத்தனை கடிதம் போட்டாலும் ‘எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். பதில் எழுதுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவர் சொல்வது உண்மை.

இரண்டாம் படி: பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்

இதுதான் வழிகாட்டியின் முக்கியமான பகுதி. அவசரப்படாமல் படியுங்கள்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் விதி, மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் மானியம் தரவேண்டும் என்கிறது. கணக்கிடும் முறை பத்தாம் அட்டவணையில் இருக்கிறது. ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதிபெற்ற சாலைகளின் மொத்த நீளத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நீளத்தைப் பதிந்து வைக்கும் ஏட்டின் பெயர் மாரிஸ், அதாவது மலேசியச் சாலைப் பதிவுத் தகவல் முறை. மாநிலச் சாலையோடு நகராண்மைக் கழகச் சாலையும் கம்போங் சாலையும்கூட அதில் இடம்பெறலாம்.

அதாவது ஏட்டில் ஏறிய சாலைக்கு நீளம் இருக்கிறது, நீளத்துக்குப் பணம் இருக்கிறது. ஏட்டில் ஏறாத சாலையில் ஆயிரம் பேர் நடந்தாலும் மானியக் கணக்கில் அதன் நீளம் பூஜ்யம். தனியார் நிலத்தில் ஓடும் தோட்டச் சடக்கு அந்த ஏட்டுக்குள் வருவதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, பக்கத்தில் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகும், நடுவில் கிடக்கும் பழைய பாதை யார் பெயரிலும் ஒழுங்காக இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே உங்கள் முதல் கடிதம் ‘சாலையைச் செப்பனிடுங்கள்’ என்று இருக்க வேண்டியதில்லை. ‘இந்தச் சாலை மாரிஸ் பதிவில் உள்ளதா? இல்லையென்றால் இது யார் நிலம்?’ என்று இருக்கட்டும். அதை மாவட்ட நில அலுவலகம், நகராண்மைக் கழகம், மாவட்ட ஜேகேஆர் மூன்றுக்கும் அனுப்புங்கள். குழியின் படத்தைவிட இந்த ஒரு கேள்வி அதிகாரியை அதிகம் யோசிக்க வைக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: அளந்து எழுதுங்கள்

பெரிய சடக்கில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. ‘கல்லிலிருந்து குரூண் பக்கமாக இத்தனை மீட்டர், இடப்புறம்’ என்று எழுதினால் பராமரிப்புக்காரர் நேரே அங்கே வந்து நிற்பார். ‘சீனக்கடைக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் எந்தச் சீனக்கடை என்பதில் ஒரு வாரம் போய்விடும். தோட்டத்துக்குள் கல் கிடையாது. கைப்பேசியின் இருப்பிடக் குறிப்பு போதும். அகலத்தை நாடாவால் அளந்து, தேதி போட்டுப் படம் எடுங்கள். மனித முகமும் வண்டி எண்ணும் படத்தில் வேண்டாம்.

வெயிலில் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை எடுப்பது நல்லது. சடக்குக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்களையும் சின்னப் பாலங்களையும் தவறாமல் சேருங்கள். யாரும் எண்ணி வைக்காதவை அவை. 2021 ஆகஸ்டு 18 அன்று குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மரங்களையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்து, யான், கோலா மூடா மாவட்டங்களைத் தாக்கியது. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு ‘முன்பு இங்கே என்ன இருந்தது’ என்று நிரூபிக்க, வெள்ளத்துக்கு முந்தைய படமும் அளவும்தான் கைகொடுக்கும்.

நான்காம் படி: எண்ணுக்குத் திசை காட்டுங்கள்

ஜேகேஆர் பாலங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறது. 1 என்றால் சேதம் இல்லை, 5 என்றால் நிலைமை மிக மோசம். அமெரிக்காவில் 0 முதல் 9 வரை. அங்கே 9தான் மிகச் சிறந்தது. ஆக, ‘இந்தப் பாலம் 4’ என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் எந்தப் பக்கம் போவார்? சாலையின் கரடுமுரடைச் சொல்லும் ஐஆர்ஐ என்ற அளவும் இப்படித்தான். 1982இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையிலிருந்து பிறந்த அளவு அது, கூடக்கூட மோசம். சாலைத் தள நிலைக் குறியீடு 0 முதல் 100 வரை, அதில் கூடக்கூட நல்லது. எண்ணைத் தந்தால் அடுத்த மூச்சிலேயே எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிவிடுங்கள்.

சொல்லும் ஆபத்துதான். 2007 ஆகஸ்டு 1இல் மினியாபொலிஸ் நகரில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தை ஆவணங்கள் ‘கட்டமைப்புக் குறையுள்ளது’ என்று பல ஆண்டுகளாகவே வகைப்படுத்தியிருந்தன. ஆனால் அதே முத்திரை பெற்ற பாலங்கள் அந்த நாட்டில் பல்லாயிரம்; அவற்றில் மிகப் பெரும்பாலானவை பத்திரமாகவே நின்றன. மக்களுக்கு அந்தச் சொல் பீதியைத் தந்தது, அதிகாரிகளுக்கோ பழகிப்போன சொல்லாகிவிட்டது. பாலம் ‘ஆபத்து’ என்று எழுதுவதற்குப் பதில், நீங்கள் கண்ணால் கண்டது விரிசலா, துருப்பிடித்த கம்பியா, அரித்துப்போன கரையா என்பதை மட்டும் எழுதுங்கள். தீர்ப்பைப் பொறியாளர் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: ஒரே தகவல், இரண்டு தாள்

நகராண்மைக் கழக உறுப்பினருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ ஒரு பக்கம் போதும், மலாயில். முதல் வரியில் நீங்கள் கேட்கும் முடிவு. பிறகு யாருடைய சாலை, எவ்வளவு நீளம், யார் பயன்படுத்துகிறார்கள், ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும். ‘மிக மோசமான நிலை, உடனடி நடவடிக்கை தேவை’ என்ற வாக்கியத்தை எல்லாக் கடிதங்களிலும் படித்துப் படித்து அவர் சலித்திருப்பார். ‘மழை நாளில் பள்ளி வேன் இந்தப் பாலத்தைத் தாண்டி வருவதில்லை, பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்’ என்று எழுதினால் அவருக்குக் காட்சி தெரியும்.

லயத்து அறிவிப்புப் பலகைக்கும் வாட்சாப் குழுவுக்கும் வேறு தாள், தமிழில். அங்கே மாரிஸும் ஐஆர்ஐயும் வேண்டாம். எந்தப் பாதை யாருடையது, யாரிடம் கேட்டிருக்கிறோம், பதில் எப்போது எதிர்பார்க்கலாம் என்பவை போதும். ஒற்றைக் குழி என்றால் பொதுப்பணி அமைச்சு 2023இல் வெளியிட்ட மைஜாலான் செயலியில் பதியச் சொல்லுங்கள், கடிதம் எழுதக் காத்திருக்க வேண்டாம்.

வரைபடத்தில் சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பாதீர்கள். ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இந்த இரண்டும் சரியாகப் பிரிந்து தெரிவதில்லை. அலுவலகத்தில் நகல் எடுத்தால் எல்லாருக்கும் ஒரே சாம்பல்தான். தடித்த கோடு, புள்ளிக் கோடு, பக்கத்தில் ஒரு சொல் என்று போடுங்கள்.

ஆறாம் படி: தேதி தவறாமல் புதுப்பியுங்கள்

வேலை முடிந்ததும் அதே இடத்தில் நின்று மறுபடியும் படம் எடுத்து, உங்கள் குறைப் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, அனுப்பியவர்களுக்கெல்லாம் தெரிவியுங்கள். செய்து முடித்த வேலையைப் பழைய பட்டியல் இன்னும் குறை என்று காட்டினால், அதற்குப் பிறகு உங்கள் மீதி வரிகளையும் அதிகாரி நம்பமாட்டார். செய்யாத வேலைகளுக்கு எதிரே கடைசியாகக் கிடைத்த பதிலையும் அதன் தேதியையும் எழுதி வையுங்கள். ஆண்டு இறுதி பட்ஜெட்டுக்கு முன்னால் அந்தத் தாளை மறுபடி மேசையில் வைக்கலாம்.